கல்லும் காற்றும் கற்ற பிளான்போர்டு

அரியலூரும் பெரம்பலூரும் அமைந்த சீமை, கரிசலும் சுண்ணக்கல்லும் விரவிய சமவெளியாகும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைக்கும் அந்நாட்டு உழவர், ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வானத்தையே நோக்கி வாழ்வர். மேலைநாடுகள் சிலவற்றில் இலையுதிர்காலத்துப் பெருங்காற்று உலர்ந்து வீசிப் புல்வெளிகளிலும் காடுகளிலும் தீயை மூட்டும். ஆதலின் அங்குள்ள வானிலையாளர் காற்றின் வேகத்தையும் தீயின் அபாயத்தையும் சேர்த்தே முன்னறிவிப்பர். நம் நாட்டிலோ அப்பருவத்துப் பெருங்காற்று கடலில் எழுந்து வெள்ளத்தைக் கொணரும். அதனை முன்னறிந்து கூறும் முறைக்கு இந்தியாவில் அடிகோலியோருள் தலைசிறந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அவர் காற்றைக் கற்கு முன்னர்க் கல்லைக் கற்ற இடங்களுள் ஒன்று இவ்வரியலூர்ச் சீமையே என்பதை நம்மவருட் பலர் அறியார். அறியத்தக்க அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதும்.

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இவர்க்கு இரண்டாண்டு மூத்த தமையனார் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு என்பார். இருவரும் இலண்டனில் அரசாங்கச் சுரங்கக் கல்லூரியிற் பயின்றனர். பின்பு ஜெர்மனியிலுள்ள பிரைபர்க்கு நகரின் புகழ்பெற்ற சுரங்கக் கழகத்திலும் கற்றனர். 1855ஆம் ஆண்டில் இருவரும் இந்திய நிலநூல் ஆராய்ச்சி இலாகாவில் அமர்ந்து கல்கத்தா வந்து சேர்ந்தனர். ஒரிசாவில் தால்சேர் நிலக்கரி நிலத்தை ஆராய்ந்தபொழுது, ஆங்குள்ள பெரும் உருண்டைக் கற்களைச் சுமந்து வந்து சேர்த்தது பனிக்கட்டியே என்று கண்டு கூறினர். வெப்பநாடாகிய இந்தியாவிலும் ஒருகாலத்திற் பனிக்கட்டி பரந்திருந்தது என்னும் அம்முடிபு அறிஞருலகத்தை வியப்பித்தது.

பின்னர் ஹென்றி சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் பாறைகளை ஆராய்வது அவர்க்கு இடப்பட்ட பணி. இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அங்கே சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பதை அவர்க்கு முன்னரே கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் இருவர் கண்டு திரட்டி அனுப்பியிருந்தனர். எனினும் அப்பாறைகள் எந்த முறையில் அடுக்கப்பட்டன, எது முந்தியது, எது பிந்தியது என்று ஒழுங்குபடுத்தி நிலப்படம் வரைந்தவர் பிளான்போர்டே. ஓடையோரங்களிலும் கரம்புகளிலும் வெயிலென்று பாராமல் அலைந்து, பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாக வகுத்தார். அவ்வாராய்ச்சி 1862இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்குமுள்ள நிலநூலார் அப்பெயர்களை வழங்குகின்றனர். ஏறத்தாழப் 10 கோடி ஆண்டுகட்கு முன்னர் அச்சமவெளி கடலின் அடியிற் கிடந்தது என்பதும், அக்கடலில் அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டுயிர்கள் நீந்தின என்பதும் அக்கற்கள் காட்டும் உண்மைகள். இன்று சிமிட்டி ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணக்கல்லும் அப்பழங்கடலின் கொடையே.

வெயிலிலும் மழையிலும் திரிந்த உழைப்பு அவருடைய உடல்நலத்தைக் குலைத்தது. 1862இல் இலாகாவைவிட்டு நீங்கிக் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். வங்காள ஆசியக் கழகத்தின் பணிகளிலும் ஈடுபட்டார். இவ்வாறு அமைதியான வாழ்க்கை தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே, அவரை வேறொரு வழியில் திருப்பிய பேரிடர் நேர்ந்தது.

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வங்கக் கடலில் எழுந்த புயல் கல்கத்தாவைத் தாக்கியது. கடல்நீர் மலைபோல் எழுந்து ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறிற்று. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் சங்கிலி அறுந்து ஒன்றன்மேலொன்று மோதின. ஏறத்தாழ 60,000 மக்கள் மாண்டனர். அடுத்த திங்கள் முதல்நாளிலேயே மற்றொரு புயல் மசூலிப்பட்டினத்தில் ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கவர்ந்தது. அழிவின் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும் பணி காஸ்ட்ரெல் என்னும் படைத்தலைவரிடமும் பிளான்போர்டிடமும் வந்தது. கப்பல்களின் நாட்குறிப்புகளையும் கரையோர ஊர்களிற் குறித்து வைத்த பாரமானி அளவுகளையும் வரவழைத்து, நாளும் நாழிகையும் ஒப்பிட்டு, புயல் சென்ற வழியை அவர்கள் படத்தில் வரைந்தனர். சிதறிய சிப்பிகளைக்கொண்டு மறைந்த கடலை அறிந்தவர்க்கு, சிதறிய குறிப்புகளைக்கொண்டு மறைந்த புயலை அறிதல் கைவந்த கலையாயிற்று. கல்கத்தாவை அழித்த காற்று அன்று திடீரெனத் தோன்றியதன்று. சில நாட்களுக்கு முன்னரே அந்தமான் தீவுகளருகே உருவாகி நடந்து வந்தது என்பது தெளிவாயிற்று. நடந்து வருவது உண்மையாயின், வருமுன் கூறுதலும் இயலும் அன்றோ?

புயலின் இயல்பைப்பற்றி அவர் கொண்ட கருத்தை ஈண்டுக் கூறுதல் தகும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று நிலைபெறாத இடைக்காலத்தில், வெம்மையுற்ற கடலின்மேல் ஈரக்காற்று அசைவற்றுத் தேங்கும். அது மேலெழுந்து, அதிலுள்ள நீராவி மழையாக மாறும்பொழுது மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பத்தால் காற்று மேலும் எழ, கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமுள்ள காற்றுச் சுழன்று பாயும். நம் பாதி உலகில் அச்சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிராக நிகழும். ஆதலின் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவனுக்குப் புயலின் நடு இடக்கைப் புறத்தில் இருக்கும். கார்த்திகையில் அரியலூரில் நிற்பவன் வாடைக்காற்று வலுப்பதையும் பாரமானியின் பாதரசம் இறங்குவதையும் காண்பானாயின், கிழக்கே கடலிற் புயல் உண்டென உய்த்துணரலாம். வாடை, கொண்டல், தென்றல், கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட தமிழர்க்கு இவ்விதி எளிதில் விளங்கும்.

1867இல் வங்காள அரசாங்கத்தின் வானிலை அறிவிப்பாளராகவும், 1875இல் இந்திய வானிலை இலாகா தோன்றியபொழுது அதன் முதல் தலைவராகவும் அவர் அமர்ந்தார். மாகாணந்தோறும் வெவ்வேறு முறையில் நடந்த அளவைகளை ஒருமுறைப்படுத்தியது அவருடைய பெருந்தொண்டு. ஓரூர்ப் பாரமானியும் மற்றோரூர்ப் பாரமானியும் ஒத்து நில்லாவிடின் அவ்விரண்டாலும் பயனில்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

ஆயினும் 1876ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் பாக்கர்கஞ்சுப் புயல் மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களை நீரில் மூழ்குவித்தது. பின்வந்த காலரா ஏறத்தாழ அத்தனை பேரைக் கொன்றது. கல்கத்தாத் துறைமுகத்துக் கப்பல்களுக்காக முன்னரே எச்சரிக்கை முறை ஏற்பட்டிருந்தது. ஆற்றுத்தீவுகளிற் குடிசைகட்டி வாழ்ந்த உழவரிடம் செய்தியைக் கொண்டுசெல்ல வழியே இல்லை. அறிவு வளர்ந்தும் ஏழையின் வாயிலை அது எட்டவில்லை.

அதே காலத்தில் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தையும் பிற பகுதிகளையும் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மழையை முன்கூட்டிக் கூற இயலுமா என அரசாங்கம் பிளான்போர்டை வினவியது. இமயமலையிற் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளில் வடமேற்குச் சமவெளிகளில் உலர்ந்த காற்று நீடித்து வீசுவதையும், அதனால் மழை குறைவதையும் அவர் கண்டு 1884இல் வெளியிட்டார். 1882 முதல் சோதனையாக நடத்திய முன்னறிவிப்பு, 1886இல் இந்தியா முழுமைக்கும் உரியதாயிற்று. பருவமழையைப்பற்றி உலகில் எழுந்த முதல் நீண்டகால முன்னறிவிப்புகளுள் இஃது ஒன்று. பனிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு எக்காலத்தும் ஒரே உறுதியுடன் நில்லாது எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. ஆனால் தொலைவிலுள்ள ஒன்று ஈண்டுள்ள மழையை ஆளக்கூடும் என்று காட்டிய வழி அழியாதது. பின்வந்த எலியட், வாக்கர் முதலியோர் அவ்வழியே சென்றனர்.

ஓய்வுபெற்ற பின் இங்கிலாந்தின் கடற்கரையூராகிய போக்ஸ்டோனில் வாழ்ந்த பிளான்போர்டு, 1889இல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1893 ஜனவரி 23ஆம் நாள் காலமானார். அப்பொழுது அவர்க்கு வயது 58.

அவர் மறைந்து 63 ஆண்டு கழிந்தபின், அவர் பாறை ஆராய்ந்த அரியலூரே ஒரு துயரத்திற்கு இடமாயிற்று. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், பெருமழையால் மருதையாற்றிற் பெருகிய வெள்ளம் இருப்புப்பாதைப் பாலத்தைச் சிதைக்க, சென்னையினின்று தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். மழை பெய்வதை நாடறியும். ஆற்றின் வெள்ளம் பாலத்தை என்செய்தது என்பதை வண்டி ஓட்டியவர் அறியார். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு தொலைவே அத்தனை உயிர்களையும் விழுங்கிற்று.

இன்று செயற்கைக்கோள்கள் புயலின் கருவைக் காண்கின்றன; சென்னையிலும் காரைக்காலிலும் ராடார்கள் சுழல்கின்றன; எச்சரிக்கை கைப்பேசியில் வந்து நிற்கின்றது. எனினும் கூரைவீட்டு மூதாட்டிக்கும், கொள்ளிடக்கரையில் ஆடுமேய்க்கும் சிறுவனுக்கும் அதனை அவர்தம் மொழியில் எடுத்துரைத்துப் பள்ளிக்கட்டடத்திற்கு அழைத்துச் செல்ல ஒரு மனிதன் வேண்டும். எகிப்தில் யோசேப்பு பஞ்சத்தை முன்னுரைத்ததோடு நின்றாரல்லர், களஞ்சியங்களையும் கட்டுவித்தார். முன்னுரையும் களஞ்சியமும் கூடியபொழுதே மக்கள் பிழைத்தனர். பிளான்போர்டு முன்னுரைக்கும் வழியைத் திறந்து வைத்தார். களஞ்சியம் கட்டும் பணி, கல்வி கற்று ஊர் திரும்பும் மாணவராகிய நம்மைச் சார்ந்தது. அயலானை நேசிக்கக் கற்பிக்கப்பெற்ற நாம், காற்று எழுமுன்னரே அவன் வாயிலுக்குச் செல்லக் கடவோம்.