பங்கு மார்க்கெட்டுக்குக் கடிவாளம் போட்ட டக்ளஸ்

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் 36 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர் வில்லியம் டக்ளஸ். அதற்கு முன்பே, பணக்காரர்களின் கோட்டையாக விளங்கிய நியூயார்க் பங்கு மார்க்கெட்டை வழிக்குக் கொண்டு வந்தவர் அவர்.

ஏழைச் சிறுவன்

டக்ளஸ் 1898-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். டக்ளசுக்கு 5 வயதானபோது அவர் இறந்து விட்டார். தாயார் 3 குழந்தைகளுடன் யாக்கிமா என்ற ஊரில் குடியேறினார். டக்ளஸ் தோட்டங்களில் பழம் பறித்துக் கூலி வாங்கினார். கஷ்டப்பட்டுப் படித்து, நியூயார்க்கில் சட்டப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

1929-ல் பங்கு விலைகள் சரிந்து, பலர் சேமிப்பை இழந்தனர். பங்கு வியாபாரத்தைக் கண்காணிக்க 1934-ல் அரசு ஒரு கமிஷனை அமைத்தது. 1937-ல் டக்ளஸ் அதன் தலைவரானார்.

மார்க்கெட்டோ தரகர்களின் சங்கமாகவே நடந்து வந்தது. விதி வகுப்பதும், விசாரிப்பதும், தண்டிப்பதும் தரகர்களே. டக்ளஸ் சீர்திருத்தம் கேட்டார். பழைய உறுப்பினர்கள் இணங்கவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது

1938 மார்ச் மாதம் குட்டு வெளிப்பட்டது. 1930 முதல் 1935 வரை மார்க்கெட்டின் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் விட்னி. அரசு தலையிடக் கூடாது என்று முன்னின்று வாதாடியவர். அவரே வாடிக்கையாளர்களின் பத்திரங்களை எடுத்து அடகு வைத்திருந்தார். இறந்துபோன உறுப்பினர்களின் மனைவி மக்களுக்கு உரிய நிதியிலும் கை வைத்திருந்தார். விஷயம் தெரிந்த சிலர் வாய் திறக்கவில்லை. விட்னி சிறைக்குப் போனார்.

டக்ளஸ் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. மார்க்கெட்டின் நிர்வாகம் மாற்றி அமைக்கப்பட்டது. சம்பளம் வாங்கும் முழுநேரத் தலைவர் வந்தார். நிர்வாகக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கும் இடம் கிடைத்தது. மார்க்கெட்டுக்கு வெளியே தொழில் செய்த தரகர்களும் சங்கம் அமைத்துப் பதிவு செய்ய, அதே ஆண்டு மலோனி சட்டம் வழி செய்தது. அந்தச் சங்கம் விதிக்கும் தண்டனையைக் கமிஷன் மறு பரிசீலனை செய்யலாம். விதியை ரத்தும் செய்யலாம்.

சங்கமே கூடாது என்று டக்ளஸ் நினைக்கவில்லை. ஒவ்வொரு தரகரின் பின்னாலும் ஓர் அதிகாரியை அனுப்ப முடியாது. சங்கம் தன் வீட்டைத் தானே பெருக்கட்டும். பெருக்காவிட்டால் கேட்பதற்கு அரசு வாசலில் நிற்க வேண்டும். இதுவே அவர் வழி.

1939-ல் நீதிபதியான டக்ளஸ், 1975-ல் ஓய்வு பெற்றார். 1980-ல் காலமானார். அமெரிக்கப் பங்குத் தரகர் சங்கங்கள் இன்றும் அந்தக் கமிஷனின் பார்வையில்தான் இயங்குகின்றன. ஊரார் பணம் புழங்கும் இடத்தில், கணக்குக் கேட்க வெளியே ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.