ரொட்டி காட்டிய வழி

துருக்கியில் பொகாஸ்கோய் என்ற ஊர். 1906-ம் ஆண்டு அங்கே பூமியைத் தோண்டினார்கள். களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எழுத்தைப் படிக்க முடிந்தது. பொருள்தான் விளங்கவில்லை! ஹிட்டைட் மக்களின் மொழி அது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேச்சில் மறைந்துபோனது.

அந்தப் புதிரை விடுவித்தவர், செக் அறிஞர் பெட்ரிக் ஹிரோஸ்னி. 1879-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் அவரைப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். அப்போதும் ஆராய்ச்சியை விடவில்லை.

ஒரு வரியில் ரொட்டியைக் குறிக்கும் அடையாளம் இருந்தது. ரொட்டி என்றால் தின்பதைப் பற்றித்தானே பேச்சு வரும்? அருகில் 'வாடர்' என்ற சொல். ஆங்கில 'வாட்டர்' போலவே! தண்ணீர்தான் அது.

சமஸ்கிருதம், கிரேக்கம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு அது உறவு மொழி என்று 1915-ல் அறிவித்தார். அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். 1917-ல் அவர் இலக்கண நூலே வெளியிட்டார். மறுத்தவர்களும் பின்னர் ஏற்றனர்.

1952-ல் ஹிரோஸ்னி மறைந்தார். ஊமையாய்க் கிடந்த பலகைகள் பேசுகின்றன.