மரம் வளைத்த பெருந்தச்சர்

கைத்தொழில் உடையவனுக்குக் கடன் வரினும் குடி கெடாது என்பதற்கு மைக்கேல் தோனெத் என்பாரின் வரலாறு தக்க சான்றாகும்.

இவர் 1796-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே ரைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்டு என்னும் ஊரிற் பிறந்தவர். மரத்தைச் செதுக்காது வளைத்தே நாற்காலி செய்தல் வேண்டுமென்று பல்லாண்டு முயன்று பொருளைச் செலவிட்டார். கடன் மூண்டு பட்டறை கைவிட்டுப் போகவே, 1842-இல் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற் குடும்பத்தோடு குடியேறினார். அங்கே புதல்வரும் தாமுமாகப் பிறர் பட்டறையில் உழைத்து, 1849-இல் தமக்கெனத் தனிப்பட்டறை கண்டார். 1853-இல் தொழில் முழுவதையும் புதல்வர் ஐவர் பெயருக்கு மாற்றினார்.

பீச் மரக்கோலை நீராவியில் வேகவைத்துப் புறத்தே எஃகுப்பட்டை பூட்டி வளைத்தால் மரநார் பிளவாது. இதுவே அவர்கள் கண்ட நுட்பம். 1859-இல் வெளிவந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு மரவுறுப்புக்கள் 6, திருகாணிகள் 10, மரைகள் 2 மட்டுமே. பிரித்தடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். ஆதலால் அவை கப்பலேறிப் பல தேசங்களுக்கும் சென்றன. 1930-க்குள் சுமார் 5 கோடி செய்யப்பட்டன. தோனெத் 1871-இல் காலமானார்.

ஊர் துறந்த நாளில் அவரிடம் எஞ்சியிருந்தவை கற்ற தொழிலும் மக்களின் ஒற்றுமையுமே. அவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்குத் தேடி வைப்போமாக.