பழனி பஸ்ஸும் இரண்டாயிரம் ரூபாய்க் காரும்

தைப்பூசம் நெருங்கினால் காரைக்குடி வட்டாரத்திலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் நகரத்தார்களை அறியாதவர் இல்லை. அதே பழனிக்கு மேற்கே பொள்ளாச்சியிலிருந்து 1920-ஆம் ஆண்டில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. அதன் முதலாளியும் டிரைவரும் ஒருவரே. அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

கோவைக்கு அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. வாலிபப் பருவத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அன்று பிடித்த ஆசை விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், வண்டியை வாங்கினார். சவாரியோடு நின்றாரா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். அதுவே அவருடைய கல்லூரி.

அந்தக் காலத்து பஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. பிரேக்கை மிதித்தால் வண்டியின் பாரம் முன்னே சாயும். பின் சக்கரங்கள் லேசாகும். லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது உருளாமல் சறுக்கும். வண்டி பக்கவாட்டில் திரும்பிவிடும். ஜனங்கள் நிறைந்த பஸ்ஸுக்கும் காலியாகத் திரும்பும் பஸ்ஸுக்கும் மிதி ஒன்றாக இருக்க முடியாது. முன் சக்கர பிரேக் 1920-களில்தான் பரவியது. அதன் பிறகு, முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கிடுவதே ஒரு கலையாகிவிட்டது.

ஒற்றை பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். சவரக் கத்தியிலிருந்து ரேடியோ வரை அவர் கை படாத பொருள் குறைவு.

1952-ல் இருவர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை ரூ. 2,000 தான். நடுத்தரக் குடும்பத்தானும் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை கண் முன்னே நின்றது.

சொந்தமாகக் கார் கட்டுகிறவருக்கு எஞ்சினை ஓட வைப்பது பாதி வேலை. நிறுத்துவது மறு பாதி. பிரேக் பாகங்கள் பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்து வருபவை; அந்த வண்டியின் எடைக்கு அளந்தவை. சிறு காரில் பூட்டினால் பின் சக்கரம் முந்திக்கொண்டு இறுகும். ஆகவே முதலில் இடது வலது பிரேக்குகளைச் சமமாக்க வேண்டும். இல்லையேல் கார் ஒரு பக்கம் இழுக்கும். அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமாக மிதித்து, எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். முன் சக்கரம் ஒரு கணம் முந்துவதே நலம். அப்போது ஸ்டியரிங் கேளாவிட்டாலும் வண்டி நேராகவே போகும். பின் சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். தனியாகவும், பக்கத்தில் ஆளை உட்கார வைத்தும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும்.

நாயுடுவின் காருக்கோ பிரேக் வேறிடத்தில் விழுந்தது. உற்பத்தி செய்ய அரசாங்கம் அனுமதி தரவில்லை. மலிவுக் கார் கடைக்கு வராமலே நின்றுபோயிற்று.

அதே 1952-ல் காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். பட்டம் பெறாத நாயுடுவும் கோவையில் தொழிற்கல்விக்குக் கொடை கொடுத்தவர். பையன்கள் புத்தகத்தோடு நில்லாமல் கையால் செய்து பழக வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். கோவையில் அவர் பெயரிலான அறநிலையம் 2015-ல் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. பழனிக்குப் போகிறவர்கள் அப்படியே கோவைக்கும் ஒரு நடை போய் வரலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.