காற்றை அளந்த குஸ்தாவ் ஈஃபல்

சூரிய மின்தகடுகளைத் தாங்கும், பக்கச்சுவரில்லாத கூரைகளைக் காற்று கீழிருந்து தள்ளுவதோடு மேலிருந்தும் உறிஞ்சி இழுக்கிறது. இந்த உறிஞ்சு விசையை அளந்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர், கோபுரத்துக்காக மட்டுமே பெரும்பாலும் நினைவுகூரப்படும் பிரெஞ்சுப் பொறியியலாளர் குஸ்தாவ் ஈஃபல்.

திஜோன் நகரில் 1832ஆம் ஆண்டு பிறந்த அவர், ரயில் பாலங்களால் புகழ்பெற்றார். காற்றைக் குறைத்து மதிப்பிடுவதன் விலையை அக்காலப் பொறியியலாளர்கள் அறிந்திருந்தனர்: ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் 1879இல் புயலின்போது ரயிலுடன் சரிந்தது, பயணிகளில் எவரும் பிழைக்கவில்லை. 1889இல் எழுந்த 300 மீட்டர் கோபுரத்தின் வளைவும் காற்றின் விசையைக் கருதியே அமைந்தது.

பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் 1893இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல் நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தபோதிலும், அவர் தொழிலிலிருந்து விலகினார்.

எழுபது வயதைக் கடந்த நிலையில், கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தகடுகளை விழச்செய்து காற்றின் எதிர்ப்பை அளந்தார். கோபுரத்துக்கான அனுமதி இருபதாண்டுகளுக்கே என்பதால், அறிவியல் பயன்பாட்டைக் காட்டி அதனை இடிபடாமல் காக்கும் நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆனால் ஆய்வின் பயன் அதனினும் பெரிது.

1909இல் கோபுரத்தின் அடியில் காற்றுச்சுரங்கம் அமைத்து, இறக்கை மாதிரிகளின் இரு பரப்புகளிலும் அழுத்தத்தை அளந்தார். கீழ்ப்பரப்பின் தள்ளுவிசையைவிட மேற்பரப்பின் உறிஞ்சு விசையே பெரிதென்று தெரிந்தது. 1912இல் ஆய்வுகூடம் ஒத்தேய்க்கு மாறியது. 1923இல் அவர் காலமானார்.

இன்றும் திறந்த கூரைகளின் மாதிரிகள் காற்றுச்சுரங்கத்தில் இரு பரப்புகளிலும் அளக்கப்பட்டு, அவற்றின் வேறுபாடே காற்றுச்சுமையாகக் கொள்ளப்படுகிறது.