சொந்தப் பள்ளியிலேயே குறை கண்டுபிடித்த நைட்டிங்கேல்!

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றாலே கையில் விளக்கோடு நிற்கும் படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அவரை ரொம்ப நாள் உறுத்தியது வேற விஷயம். படிச்சு முடிச்ச நர்ஸ், வார்டில் தனியாகச் சமாளிப்பாரா?

1820-ல் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். 1851-ல் ஜெர்மனியில் சுமார் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். 1854-ல் கிரிமியப் போரில் காயமடைந்தவர்களைக் கவனிக்க 38 பெண்களோடு துருக்கி போனார். வேலை சரிப்படாமல் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு.

மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது. ஒரு வருஷப் பயிற்சி, பெரும்பாலும் வார்டிலேயே. 1870-களின் தொடக்கத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: மாணவிகளை வார்டு வேலைக்கு ஆளாகப் பயன்படுத்திட்டு இருந்தாங்க. டாக்டர் எடுக்க வேண்டிய வகுப்பும் ஒழுங்கா நடக்கலை. இத்தனைக்கும் அங்கே படித்தவர்கள் மற்ற மருத்துவமனைகளில் பொறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்!

டாக்டர் மாற்றப்பட்டார். மாணவிகளைக் கவனிக்க 'ஹோம் சிஸ்டர்' வந்தார். நைட்டிங்கேலே மாணவிகளை வீட்டுக்கு அழைத்துப் பேசி, குறிப்பெடுத்தார்.

தேர்வு எழுதிப் பதிவு செய்தால் நர்ஸ் என்ற யோசனையை மட்டும் அவர் ஏற்கவில்லை. நல்ல நர்ஸை பேப்பரில் அளக்க முடியாது என்பது அவர் வாதம். அதில் அவர் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்திதான். 1910-ல் இறந்தார்; பிரிட்டனில் நர்ஸ் பதிவுச் சட்டம் 1919-ல் வந்தது.