சர் சி.வி. இராமனும் மங்கலான ஓர் ஒளியும்

சிராங்கூன் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சர் சி.வி. இராமனைப் பற்றிக் கேட்டால், கப்பலில் போனார், கடலின் நீலத்தைப் பார்த்தார், நோபல் பரிசு வாங்கினார் என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் மேடைப் பேச்சாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் பயணத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே ஏழு ஆண்டுகள் உள்ளன. நாம் கற்க வேண்டியது அந்த ஏழு ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதல் மாணவராக பி.ஏ. பட்டம் பெற்றார். குறுகிய துளை வழியே செல்லும் ஒளி எப்படி வளைந்து பரவுகிறது என்பது குறித்த அவருடைய முதல் கட்டுரை 1906இல் இலண்டன் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவர் இன்னும் மாணவர்தான்.

அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. 1907இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் அதிகாரியானார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தே அரசு வேலையை விட்டார். பட்டம் வாங்குமுன்பே சம்பளக் கணக்குப் போடும் நமக்கு இது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

1921இல் இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில்தான் கடலைக் கவனித்தார். வானத்தின் நீலம் நீரில் தெரிவதே கடலின் நிறம் என்பது ராலே பிரபுவின் கருத்து. எதிரொளியைத் தடுக்கும் பட்டகத்தின் வழியே பார்த்தபோதும் நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று இராமன் முடிவு செய்தார். கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வு தொடங்கியது.

1923இல் அவருடைய மாணவர் கே.ஆர். இராமநாதன் ஒன்றைக் கண்டார். ஊதா ஒளியை நீரில் செலுத்தினால், சிதறிய ஒளியில் வேறு நிறமும் மிக மங்கலாகக் கலந்திருந்தது. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உள்வாங்கி வேறு நிறத்தில் வெளிவிடும். இதற்கு ஒளிர்தல் என்று பெயர். நீரிலுள்ள அழுக்குதான் ஒளிர்கிறது என்று முதலில் நினைத்தார்கள். நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தும் அந்த ஒளி போகவில்லை.

பலர் அதோடு விட்டிருப்பார்கள். இராமன் விடவில்லை. 1927 இறுதியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதே விளைவைத் தெளிவாகக் கண்டார். அந்த ஒளியின் அலைகள் பெரிதும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. வழக்கமான ஒளிர்தலில் அப்படி இராது. 1928 ஜனவரியில் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் சோதனைகளில் இறங்கினார். ஏறத்தாழ 60 திரவங்கள் ஆராயப்பட்டன. சூரிய ஒளி, ஒரு பெரிய வில்லை, நிற வடிகட்டிகள், மனிதக் கண் ஆகியவையே முக்கியக் கருவிகள். பிப்ரவரி 28 அன்று, நிறமாலைக் கருவியில் புதிய ஒளி தனிப் பட்டையாகத் தெரிந்தது. மூலக்கூறின் அதிர்வு ஒளியின் நிறத்தை மாற்றுகிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதன் கைரேகை போன்ற தனி அடையாளம் உண்டு.

1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லும்போது இராமநாதன், வெங்கடேஸ்வரன், கிருஷ்ணன் ஆகிய பெயர்களையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

உயிரணுக்களைக் காட்டும் நுண்ணோக்கிகளில் ஒளிர்தலும் இராமன் விளைவும் இன்று அருகருகே நிற்கின்றன. ஒளி வளைவதால், சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது. 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே வகுத்த எல்லை இது. ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் ஏற்றியும் இந்த எல்லையைக் கடந்த பெட்சிக், ஹெல், மோர்னர் மூவரும் 2014இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அந்த முறைக்குப் பொதுவாக ஒளிரும் அடையாளப் பொருளை உயிரணுவில் சேர்க்க வேண்டும். இராமன் முறைக்கு அது தேவையில்லை. மூலக்கூறின் அதிர்வே அடையாளம். ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றுதான் அப்படி நிறம் மாறும். திசுக்களின் இயல்பான ஒளிர்தல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். இராமநாதனுக்கு வந்த அதே குழப்பம்தான்!

இந்தத் தடையைத் தாண்டி, இரைப்பைப் புற்றுநோயை உள்நோக்கிக் கருவியின் வழியே இராமன் ஒளியால் கண்டறியும் முறையை நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

இராமன் 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார். நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் கணக்குக்கு ஒத்துவராத அளவீடு ஒன்று வந்தால், அழுக்கு என்று எழுதி மூடிவிடாதீர்கள். முதலில் நீரைத் தூய்மை செய்து பாருங்கள். அதன் பிறகும் போகாவிட்டால், அது என்னவென்று கேளுங்கள்.